ஸ்பெயினுக்கு ஒரு கையெழுத்து குறைகிறது

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன். கடைசித் துணி போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிட்டது. கால் வெந்துவிட்டது.

ஸ்பெயினிலிருந்து மெயில். கிளம்ப இன்னும் முப்பத்துமூன்று நாள். மூன்று வாரம் அங்கே. காலையில் ஸ்பானிஷ் வகுப்பு, மதியம் பாறை ஏறுதல், கயாக், மலை நடை. தங்குவது இனெஸ் என்கிற அம்மா வீட்டில். அவர்களுக்கு இரண்டு பூனை. எனக்கும் என் சிநேகிதி உமையாளுக்கும் ஒரே அறை, ஜன்னலோரக் கட்டில் எனக்கு (சண்டை போட்டு வாங்கியது).

எனக்குக் கட்டுரைப் போட்டியில் கிடைத்த இலவச இடம். உமையாளுக்கு அவள் அப்பச்சி ஏற்பாடு. அவர்கள் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்பார்கள். அவர்களுடைய பெரிய வீட்டை ஓட்டல் ஆக்கியதில் தங்க வந்த ஒரு ஸ்பெயின்காரிதான் இரண்டு வருடம் முன்னால் எங்கள் இருவருக்கும் ஒன்று இரண்டு மூன்று சொல்லிக்கொடுத்தது. அதில் பிடித்த பைத்தியம்.

வாங்க வேண்டியவை: கையில்லாத மழைக்கோட்டு இல்லை, கை வைத்தது. சன் ஸ்கிரீன். பருப்புப்பொடி. பூனைக்கு என்ன வாங்குவது?

நீச்சல் தெரியுமா என்று படிவத்தில் கேள்வி. தெரியும் என்று போட்டேன். பம்புசெட் தொட்டியில் கற்றது என்று போடவில்லை.

கடைசிப் பக்கம்: பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அம்மா, அப்பா இருவரும் நோட்டரி முன்னால் சம்மதக் கையெழுத்து. இருவரும்.

அந்தப் பக்கத்தை மடக்கி வைத்துவிட்டேன்.

மே 7, புதன்

அனல் காற்று. மதியம் கரண்ட் இல்லை.

மடக்கி வைத்தால் போய்விடுமா? இன்று அம்மாவிடம் காட்டினேன். தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் கீழே கையெழுத்து போடும் இடத்தைத்தான் பார்ப்பாள்.

"அந்த மனுசன் வாசல்ல போயி நான் நிக்கவா? சோத்துக்கு நிக்கல, துணிக்கு நிக்கல. இதுக்குப் போயி நிக்கணுமாக்கும்!"

"நான் போறேம்மா."

"காலை ஒடிச்சிருவேன்."

அப்பா போய் ஏழு வருடம். அப்போது எனக்கு ஒன்பது வயது. திருப்பத்தூரில் டைல்ஸ் கடை, அங்கேயே வேறு குடும்பம். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அம்மா யார் கேட்டாலும் "வெளியூர்ல வேலை" என்பாள். ரேஷன் கார்டில் இன்னும் குடும்பத் தலைவர் அவர்தான். அதை மாற்றுவது அவள் ஆபீஸில் அடுத்த மேசை வேலை.

ராத்திரி ரசம் உப்பு. சொல்லவில்லை.

மே 8, வியாழன்

உமையாளின் அம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். இன்று நல்ல நாளாம், இதை விட்டால் ஆனி வரை ஒன்றும் சரியில்லையாம், பெட்டியைக் கொண்டுவா என்றார். பரஸ்தானம். நல்ல நாளில் பெட்டியை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் புறப்பட்ட கணக்கு. வைத்த பெட்டியைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

"ஒரு மாசம் முன்னாடியாம்மா? உலகத்துல யாரும் வெக்க மாட்டாக," என்று உமையாள் சிரித்தாள்.

"வாய மூடுடி. ரெண்டு பொம்பளப் பிள்ளைக கடல் தாண்டிப் போகுதுக. எனக்குப் பக்குங்குது."

எதிர்வீட்டுக் கூடத்துப் பட்டாலையில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். குங்குமம் வைத்தார் ஆச்சி. என் பெட்டிக்கும் அதே அளவு. கையெழுத்து விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்த பிறகுதான் மண்டையில் அடித்தது. என் நல்ல சுடிதார் எல்லாம் பெட்டிக்குள். மிச்சம் இருப்பது பழசு மூன்று.

மே 9, வெள்ளி

லைப்ரரி என்று அம்மாவிடம் பொய். திருப்பத்தூர் பஸ்.

போட்டுக்கொண்டது சாயம் போன பச்சை சுடிதார். ஏழு வருடம் கழித்து அப்பாவைப் பார்க்கப் போகிற உடுப்பு! குன்றக்குடி தாண்டும் வரை பேசவேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதலில் ஸ்பெயின். பிறகு போட்டியில் முதலிடம். அழக் கூடாது.

கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். நீலக் கட்டம் போட்ட சட்டை. காதோரம் நரை. லேசாகத் தொப்பை.

"வாங்க, என்ன பாக்குறீக? ஃப்ளோர் டைல்ஸா, வால் டைல்ஸா?"

என்னைத்தான் கேட்டார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு நிமிடம் நானும் டைல்ஸைப் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். வெள்ளையில் சாம்பல் பூ.

"நான் கயல்."

கதவுப் பக்கம் பார்த்தார். அம்மா வந்திருக்கிறாளா என்பது போல. கணக்குப் பார்க்கிறவர் தலையை நீட்டி, "யாருண்ணே?" என்றார்.

"காரைக்குடில நமக்குத் தெரிஞ்சவக மக."

தெரிஞ்சவக மக. இதை இங்கே எழுதி வைத்துவிட்டேன். வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

"என்ன படிக்கிறே, பத்தாவதா?"

"பன்னண்டாவது போறேன்."

"அப்படியா, வளந்துட்டே." மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரட்டைச் சடை போட்ட சின்னப் பிள்ளையின் போட்டோ. நாலு வயது இருக்கும். ஸ்பெயின் என்றேன். "அது எங்குட்டு இருக்கு, லண்டன் பக்கமா?" என்றார். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு காரைக்குடி கோர்ட் பக்கத்தில் நோட்டரியிடம் வரவேண்டும் என்றேன். "வந்துர்றேன், வந்துர்றேன்." ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். எனக்கு ரோஸ்மில்க் பிடிக்காது. சின்ன வயதிலும் பிடிக்காது. முழுசாகக் குடித்தேன்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மே 10, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போனேன், வருகிறேன் என்றார், அவ்வளவுதான் சொன்னது. கரண்டி பறந்தது. காலை ஒடிக்கவில்லை.

உமையாளிடமும் சொன்னேன். "வந்துருவாகடி, பெத்த அப்பா வராம இருப்பாகளா?" அவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

மே 13, செவ்வாய்

அம்மா அரை நாள் லீவு. தலையில் மல்லிகை. ஆபீஸ் புடவை இல்லை, அரக்குக் கரை வைத்தது. நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன்.

நோட்டரி அறையில் மூன்று நாற்காலி. எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மூன்றாவதில் அம்மா கைப்பையை வைத்துக்கொண்டாள். வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். "ஆள் வருது" என்றாள். ஒரு கிழவர் நின்றுகொண்டே இருந்தார், பாவம்.

11. 11.40. 12.30. போன் ரிங் போகிறது, எடுக்கவில்லை. ஒன்றரைக்கு நோட்டரி சாப்பிடப் போனார். அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பூவை எடுத்துக் குப்பையில் போட்டாள். வாடவே இல்லை அது.

மே 14, புதன்

அப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். இருபத்திரண்டு விநாடி.

"கயலு, நோட்டரி கையெழுத்துன்னா யோசிக்கணும்னு மச்சான் சொல்றாரு. நாளப்பின்ன ஜீவனாம்சம் அது இதுன்னு வந்துரக் கூடாதுல்ல. தப்பா நெனைக்காதம்மா. நல்லாப் படி."

மச்சான் என்றால் அந்த வீட்டு மச்சான். ஏழு வருடத்தில் அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. பதினொரு தடவை போட்டுக் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது. அழித்துவிட்டேன். பிறகு அழித்ததற்கு அழுதேன். என்ன ஜென்மமோ நான்.

மே 15, வியாழன்

நோட்டரி வழி சொன்னார். "அப்பா எங்க இருக்காருன்னு தெரியாதுன்னு அம்மா ஒரு அபிடவிட் குடுத்துட்டா, அம்மா கையெழுத்து மட்டும் போதும்க்கா. நெறையப் பேரு போடுறதுதான்."

அடித்துக் கொடுத்தார். 'என் கணவர் ஏழு ஆண்டுகளாக என்னுடன் இல்லை. அவருடைய இருப்பிடம் எனக்குத் தெரியவில்லை.'

அம்மா மூன்று தடவை திருத்தச் சொன்னாள். மார்ஜின் போதாதாம். வரிக்கு வரி இடைவெளி சரியில்லையாம். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. எனக்குப் புரிந்தது. ஊருக்கெல்லாம் சான்றிதழ் அடிக்கிறவள், ஏழு வருடமாக 'வெளியூர்ல வேலை' என்று கட்டிக் காப்பாற்றியதை ஒரு வரியில் முடிக்க வேண்டும்.

"வேணாம்மா. நான் போகல."

"கம்முனு இருடி." போட்டாள். முழுப் பெயர், தெளிவாக.

வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள். "நீ போயிட்டு வா. எனக்கு அது போதும்." அவள் குடிக்கவில்லை.

மே 19, திங்கள். சென்னை

நேற்றே வந்து சித்தி வீட்டில். இன்று விசா. புழுக்கம் தாங்கவில்லை, ஆனால் விசா ஆபீஸில் ஏ.சி. குளிர் நடுக்கியது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அக்கா. சிரித்த முகம். எல்லாத் தாளும் சரி. உமையாளுடையது காலையிலேயே முடிந்து அவள் வெளியே கட்டைவிரல் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"அப்பா எங்க இருக்காருன்னு தெரியாதா?"

"தெரியாதுங்க," என்றாள் அம்மா.

"பாப்பா சொல்லட்டும். கடைசியா எப்பம்மா அப்பாவப் பாத்தே?"

ஏழு வருசம் ஆச்சு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ரயிலில் வரும்போது நூறு தடவை சொல்லிப் பார்த்தது.

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. திருப்பத்தூர்ல."

அந்த அக்கா பேனாவை வைத்துவிட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்பா சம்மதம் இல்லாமல் முடியாதாம். வேறு தேதி வேண்டுமானால் ஜூலை. ஜூலையில் எதற்கு?

ஏன் சொன்னேன் என்று சித்தி கேட்டாள், உமையாள் கேட்டாள். இருக்கிற ஆளைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? சட்டை என்ன நிறம் என்றுகூடத் தெரியும். அவர் என்னை யாரோ என்றார். நானும் அவரை யாரோ என்று சொல்லிவிட்டால் அப்புறம் எங்களுக்குள் என்னதான் இருக்கிறது? இதை அந்த இடத்தில் யோசித்துச் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

படியில் இறங்கும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று. "கையெழுத்துப் போட்டவ நானு. உனக்கு ஒரு வார்த்த வாயில வரலியா?"

மே 24, சனி

மழை வரும் போல இருந்து வரவில்லை.

அம்மா பேசுவது: "மாவு இருக்கு, சுட்டுக்க." "கேஸ்காரன் வருவான், கதவத் தெற." அவ்வளவுதான்.

இனெஸுக்கு எழுத வேண்டும். மூன்று தடவை ஆரம்பித்தேன். வர முடியவில்லை என்பதை ஸ்பானிஷில் எழுதத் தெரியும். ஏன் என்று எழுதும் அளவுக்கு ஸ்பானிஷ் வரவில்லை. தமிழிலும் வரவில்லை. பூனைகளுக்கு அன்பு என்று முடித்து அனுப்பினேன்.

ஜூன் 7, சனி

உமையாள் போய்விட்டாள்.

காரில் ஏற்ற எதிர்வீட்டிலிருந்து அவள் பெட்டியை எடுத்தார்கள். பக்கத்தில் என்னுடையது. நானும் எடுத்துக்கொள்கிறேன் ஆச்சி, போட்டுக்கொள்ளத் துணியில்லை என்றேன். ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னைக்கி வேணாம்த்தா. இவ கெளம்புற நாளும் அதுவுமா பெட்டி திரும்பி வீட்டுக்குப் போனா நல்லா இல்ல. நாளைக்கி நானே கொண்டாந்து தர்றேன்."

சரி என்றேன். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அவர்கள் பெண்ணுக்கு என் பெட்டி அபசகுனம். அந்த ஒன்றுதான் இன்று முழுக்க நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

உமையாளின் புது ஷூ கடிக்கிறதாம். எனக்கும் அவளுக்கும் ஒரே சைஸ். அங்கேயே என் பெட்டியைத் திறந்து பாறை ஏறுகிற ஷூவை எடுத்துக் கொடுத்தேன். அவள் கட்டிக்கொண்டு அழுதாள். "போயிட்டு வர்றேன்டி" என்று நாலு தடவை. சீக்கிரம் போய்த் தொலை, நேரமாகுது என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று ஒரு தூறல். இன்று மறுபடி வெயில்.

உமையாள் வாய்ஸ்: "உன் கட்டில்ல ஒரு ஜெர்மனிக்காரிடி. செம கொறட்டை." பின்னால் யாரோ ஸ்பானிஷில் கத்துகிறார்கள். எனக்குப் புரிந்தது. சாப்பிட வா என்கிறார்கள்.

பதில் போடவில்லை. நாளை போடலாம்.

சாயங்காலம் அம்மா ஆபீஸ் விட்டு வந்து நேராக அடுப்படிக்குப் போனாள். நான் வெங்காயம் உரித்தேன். எண்ணெய் காய்ந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கி எப்படி இருந்தாக?"

யாரை என்று நான் கேட்கவில்லை.

"நல்லாத்தான் இருந்தாக."

"மெலிஞ்சு போயிட்டாகளா?"

"கொஞ்சம்."

கடுகு போட்டாள்.

"என்னயக் கேட்டாகளா?"

"கேட்டாக. மொதல்ல உன்னத்தான் கேட்டாக. முட்டி வலி எப்படி இருக்குன்னாக."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி வந்ததே போன தீபாவளிக்குப் பிறகு. அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கடுகு கருகியது.

"இப்பத் தேவலைன்னு சொல்ல வேண்டியதுதானடி," என்றாள்.