துறைமுகத்தை வரைந்த சனிக்கிழமை

நேற்றுத் தபாலில் உன் சித்திரப் பள்ளியின் வரலாற்று மலர் வந்தது. அச்சு மையின் மணம் இன்னும் போகவில்லை. நீ செத்து இரண்டு மாதத்துக்குள் அச்சடித்துவிட்டார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் நீ தனியொருவனாகத் தொடங்கினாயாம். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. விடுபட்டதை உனக்கே எழுதுகிறேன்.

கடற்கரைப் பக்க ஒழுங்கையில் அந்தக் கராஜை வாடகைக்குப் பிடித்தவன் நான். போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜுகளில் அடைந்து கிடந்த ஏழு பிள்ளைகள்தான் முதல் வகுப்பு. ரயில் போகும்போது தண்ணீர்க் கோப்பைகள் நடுங்கும். பிள்ளைகள் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். நீ நன்றாகப் படிப்பித்தாய், அதை மறுக்கமாட்டேன். ஒரு வருடத்தில் கராஜ் போதாமல், துறைமுகத்துக்குக் கிட்டக் கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபத்திலும் வகுப்பு வைத்தோம்.

அங்கிருந்துதான் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்த் துறைமுகத்தை வரையவைக்கப் புறப்பட்டாய். காலம் சரியில்லை, வேண்டாம் என்றேன்.

"கப்பலைக் கீறுறதுக்கும் பயமோ உனக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனாய்.

அடுத்த கிழமை வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. கராஜுக்குள் வந்த பொலிஸார் பிள்ளைகள் துறைமுகத்தில் வரைந்த தாள்களை மேசையில் பரப்பினார்கள். பாரந்தூக்கி, வாசல், காவற்கூடு எல்லாம் உளவுப் படம்போலப் பென்சிலில் அச்சொட்டாக இருந்தன. பிள்ளைகளைக் கூட்டிப்போனது யார் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நீ என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாய்.

"மெயா."

இவர். சிங்களம் பேசினால் உனக்கு எப்போதும் நாக்குத் தடுமாறும். அன்று தடுமாறவில்லை.

ஐந்து மாதம் உள்ளே இருந்தேன். என் வலது பெருவிரல் மடங்காமற்போனது அங்கேதான். வெளியே வந்தபோது கராஜ் பூட்டிக் கிடந்தது. கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியில் ஒரு மாடி முழுவதையும் எடுத்திருந்தாய். படிக்கட்டிலேயே என்னை மறித்தாய்.

"தாய் தேப்பன்மார் பயப்பிடினம். பள்ளிக்கூடம் நிக்கவேணும் எண்டால் நீ இஞ்சை வரக்கூடாது."

மன்னிப்பு என்றொரு சொல் உன் வாயில் வரவில்லை.

நான் ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றமொன்றில் கிளார்க் ஆனேன். நீ கிருலப்பனையில் சொந்தக் கட்டடம் எழுப்பினாய். பரிசு வாங்கிய பிள்ளைகளோடு உன் படம் பேப்பரில் வரும். பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

கடைசியில் உன் மகள் நீ படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் கோல் எடுத்தாள்.

"அங்கிள், அப்பா உங்களை ஒருக்கா வரட்டாம்."

"நேரமில்லை, பிள்ளை" என்றேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்த எனக்கு நேரம் நிறையவே இருந்தது.

ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். விசாரணையில் ஒவ்வொரு நாளும் அதே கேள்விதான், நீ இல்லையென்றால் கூட்டிப்போனது யார் என்று. உன் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றது; சொல்லவில்லை. இருவரும் உள்ளே இருந்தால் சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க ஆள் இராது என்று நினைத்தேன். அந்தப் பள்ளிக்கு நான் கொடுத்தது அது. இன்றும் அதை வைத்துத்தான் நிமிர்ந்து நடக்கிறேன். உனக்காக வாயை மூடியிருந்தேன் என்று நினைத்துக்கொண்டு நீ கண்ணை மூடியிருந்தால், பிழையாக நினைத்துவிட்டாய்.