விமானத் திடலும் ஐந்தாவது வீடும்

29-10-1937, வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ்.

சுங்கை பீசி விமானத் திடலின் வரைபடத்தை இன்று பென்சிலில் முடித்தேன். தபால் மூட்டை மட்டும் வந்த விமானத்தில் இப்போது மருந்துப் பெட்டியும் இயந்திர உதிரிகளும் வருகின்றன. அதனால் திடலை நீட்டி, ஓரத்தில் சரக்குக் கொட்டகை கட்டப் போகிறார்கள்.

எங்கள் சர்வே ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. நிலத்துக்கு அரசாங்கம் தந்த கிராண்டுப் பத்திரம் இல்லாத வீடுகளை, மை போடுவதற்கு முன்பே ரப்பரால் அழித்துவிட வேண்டும். பத்து வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது. இன்று திடலை நீட்டும் பக்கத்தில் ஏழு வீடுகளை அழித்தேன். ஐந்தாவதாக அழித்தது அக்காள் வீடு என்பது பிறகுதான் உறைத்தது. துரை வந்து பார்த்தார். "காலி நிலம்தான், சிக்கலே இல்லை. நாளைக்கே மை போட்டுவிடு" என்றார். தலையாட்டினேன். கோழை.

சாயங்காலம் கால்கள் திடலோரம் அக்காள் இருக்கும் சாலாக் செலாத்தானுக்கே போயின. அக்காள் மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தாள்.

"பிளேன் எறங்குறப்ப கூரைத் தகரமே அதிருது தம்பி. திடல பெருசாக்கப் போறாங்களாமே, நம்ம வீட்டுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஒண்ணும் ஆவாதுக்கா" என்றேன்.

"நீ அந்த ஆபீஸ்லயே இருக்கறப்ப எனக்கென்னலா பயம்" என்று சிரித்தாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தாள். ரப்பர்த் துகள் அப்பியிருந்தது.

"என்னடா இது குப்பை?" என்று தன் கையாலேயே தட்டிவிட்டாள்.