ஐந்தாவதாக நின்றவளுக்கு

அலமாரிக்கு அடியில் கிடந்த விளையாட்டுப் பையை இன்று காலை இழுத்துப் போட்டேன். உள்ளே ஒரு சானிடைசர் பாட்டில், மூடி சரியாகத் திருகாமல் கசிந்து, ஜெர்சியோடு ஒட்டிக் கிடந்தது. ஜிப்பைத் திறந்ததும் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரியும் எலுமிச்சையும் கலந்த கருமம். அந்த வருடம் நாம் சோற்றில் கை வைத்ததைவிட இதைத் தடவிக்கொண்டதுதான் அதிகம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் உன்மேல். செத்துப்போனவர்களிடம் கோபித்துக்கொள்ளக் கூடாதாம். யார் சொன்னது? உயிரோடு இருக்கும்போது உன்னிடம் தினம் சண்டை போட்டவள் நான், இப்போது மட்டும் எதற்கு விட வேண்டும்?

நமக்குக் கடைசி வருடம் அது. கல்லூரியே செல்போனுக்குள் போய்விட்டிருந்தது. உனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மண்டல அளவில் கூடைப்பந்தில் ஜெயித்த சர்டிபிகேட். அது இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு மனு போடலாம். படிப்பு முடிவதற்குள் வாங்கினால்தான் உண்டு, அதற்கப்புறம் நீ மாணவி இல்லை. கொருக்குப்பேட்டையில் உன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கூட்ஸ் வண்டி. ராத்திரி முழுக்கப் பெட்டிகள் முட்டிக்கொள்ளும் சத்தம். "பொறந்ததுலேர்ந்து இவனுங்க சத்தத்துல தூக்கம் போச்சு. இவனுங்க சம்பளத்துலயாவது தூங்கிக்கறேன்டி" என்பாய். வீட்டில் நீயும் உன் அம்மாவும் மட்டும். அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போவார். ஐஸில் ஊறி ஊறி அவர் விரல் நுனி எல்லாம் வெள்ளையாக வெடித்திருக்கும். அந்தக் கையை ஐஸிலிருந்து எடுக்க வைக்க வேண்டும் என்பதுதான் உன் ஆட்டம் முழுவதும். எனக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை. வண்ணாரப்பேட்டையில் என்னைப் பெற்ற அத்தாவுக்குத் துணிக்கடை இருந்தது. நான் ஆசைக்கு ஆடினேன்.

ஆட்டம் எங்கே நடந்தது? தேதிதான் நடந்தது. பொங்கல் கழித்து என்றார்கள். பிறகு மாசி என்றார்கள். பிறகு தேர்தல் வருகிறது, மைதானம் கிடைக்காது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் போட்டி நடத்தும் கமிட்டியின் செக்ரட்டரி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவார். "தவிர்க்க முடியாத காரணங்களால் ஃபிக்சர் மாற்றப்பட்டுள்ளது. வீராங்கனைகள் ஒத்துழைக்கவும்." அந்த மூக்கடைத்த குரலில் நீ அப்படியே பேசிக் காட்டுவாய். "இந்தாளுக்கு ஒத்துழைச்சே நான் கெய்வி ஆயிடுவேன் போல" என்று முடிப்பாய். மைதானத்துக்குப் பூட்டு. நாம் மேம்பாலத்துக்கு அடியில் பந்து தட்டினோம். கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும், டிரைவர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவர் "கூடை எங்கம்மா?" என்று கேட்டார். "கமிட்டில கேட்டுகினு கீறாங்கண்ணா, தேதி சொல்வாங்க" என்றாய்.

ஏப்ரலில் ஒருவழியாகத் தேதி வந்தது. நம் டீமில் பன்னிரண்டு பேர். ஹாஸ்டல் பெண்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள், எவர் வீட்டிலும் அனுப்பவில்லை. மெட்ராஸில் மிச்சம் இருந்தது ஐந்து பேர். கூடைப்பந்தில் ஐந்து பேர் களத்தில் நின்றால்தான் ஆட்டம் தொடங்கும். குறித்த நேரம் தாண்டிக் கால் மணிக்குள் ஒரு டீமால் ஐந்து பேரை நிறுத்த முடியவில்லை என்றால் எதிர் டீமுக்கு வெற்றி. அதற்குப் பெயர் வாக் ஓவர். மற்ற கல்லூரிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டதால் நமக்கு மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், அதுவே ஃபைனல். "மாத்து ஆளு இல்ல. எவளுக்காவது கால் சுளுக்கினா கூட நொண்டிகினே நில்லுங்கடி" என்று நீதான் எல்லோருக்கும் சொன்னாய்.

கொரோனா டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். ஐந்து பேருக்கும் நெகட்டிவ். ரிப்போர்ட் கையில் வந்த மாலையே செக்ரட்டரியின் மூக்கு பேசியது. தவிர்க்க முடியாத காரணம், அடுத்த வாரம். திரும்ப டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று நம் பி.டி. மேடம் கேட்டதற்கு, "பழைய ரிப்போர்ட்டே போதும்மா, பேப்பர் இருந்தா சரி" என்றாராம். அந்த ஒரு வாரத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. நீ யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் கூடச் சொல்லவில்லை. இதை எழுதும்போது கூட உன்னை நாலு அறை விட வேண்டும் போல இருக்கிறது.

ஆட்டத்தன்று எனக்கு ரமலான் நோன்பு. கேட்டில் வாட்ச்மேன் எல்லோர் மணிக்கட்டிலும் காய்ச்சல் பார்க்கும் அந்தத் துப்பாக்கியை வைத்தார். எல்லோருக்கும் ஒரே நம்பர் காட்டியது. "செவுத்துல வச்சாலும் அதே தான் காட்டும்" என்றாய். நீ மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. களத்தின் கடைசியில், கூடைக் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாகப் போய் நின்றுகொண்டாய். நான் கிட்டே வந்தால் "தள்ளி நில்லுடி, ஒன் அத்தரு நாறுது" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. மேடம் தண்ணீர் பாட்டில் கொடுத்தபோது வாங்கவில்லை. "இவ நோன்பு வச்சிகினு காய்றா, நான் மட்டும் குடிச்சா நல்லாவா கீது?" என்றாய். அத்தர் பேச்சை அப்போதே மன்னித்துவிட்டேன். எனக்காக என் தோஸ்து தண்ணீர் குடிக்காமல் நிற்கிறாள் என்று எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? மாஸ்க்கை இறக்கினால் எங்கள்மேல் மூச்சு படும் என்றுதான் நீ குடிக்கவில்லை. கொதிக்கிற உடம்போடு, நாக்கு வறண்டு நின்றிருக்கிறாய். நான் நோன்பில் நன்மை கணக்குப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

எதிர் டீம் வந்தது. நாலு பேர். ஐந்தாவது பெண் ஒழுங்காகப் புது டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவ் வந்து, ஒழுங்காக வீட்டில் இருந்துவிட்டாள். அவர்களுடைய கேப்டன் செக்ரட்டரியிடம் போய்க் கெஞ்சினாள். "ரெண்டு நாள் தள்ளி வைங்க சார், ஹாஸ்டல்லேர்ந்து ஒருத்திய வரவழைச்சிடறோம்." நாலு மாதமாகத் தள்ளித் தள்ளியே பிழைத்த மனுஷன் சொன்னார், "முடியாதும்மா, ஷெட்யூல் டைட்டு." அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நீ கம்பத்தடியிலிருந்து என்ன சொன்னாய் என்பது இன்னும் காதில் இருக்கிறது. "கூறு கெட்டவ, யாரு அவள புச்சா டெஸ்ட் எடுக்கச் சொன்னது?" நாங்கள் சிரித்தோம். நன்றாகவே சிரித்தோம்.

ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் ஐந்து பேரும் களத்தில் நின்றோம். பந்து நடுக்கோட்டில் சும்மா கிடந்தது. கால் மணி முடிந்ததும் விசில் ஊதினார், வாக் ஓவர் என்றார். நீ மண்டல சாம்பியன். யாரும் பந்தைத் தொடவில்லை. நாங்கள் நாலு பேரும் கத்தினோம், நீ கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் தூக்கினாய்.

ஷேர் ஆட்டோவில் ஓரமாக, வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாய். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அடைத்திருந்தது. ஒரு நீளமான கூட்ஸ் போனது. நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். வீட்டு வாசலில் உன் அம்மா நின்றிருந்தார். "இன்னாடி ஆச்சு?" "ஜெயிச்சிட்டோம்மா. வாக் ஓவர்." "அப்டின்னா?" "ஆடாமலே ஜெயிக்கறது." உன் அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆடவே இல்லன்னா ஒனக்கு இன்னாத்துக்குடி இப்படி மூச்சு வாங்குது?" என்றார். அப்போதுதான் நான் உன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ்கள் கன்டெய்னர் லாரிகளைப் போல வரிசையில் நின்ற நாட்கள் அவை. உன்னை வண்டியிலிருந்து இறக்குவதற்கே வெகு நேரம் ஆனது. ஆக்சிஜன் வரும் என்றார்கள், வரும் வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பொட்டலமாகக் கட்டி நேராக எடுத்துப் போய்விட்டார்கள், முகம் காட்டவில்லை. எங்கள் நாலு பேரில் ஒருத்திக்குக் கூட ஒரு தும்மல் வரவில்லை. நீ அவ்வளவு சரியாகத் தள்ளி நின்றிருக்கிறாய்.

ஒரு மாதம் கழித்துக் குரல் பதிவு வந்தது. நோய்த்தொற்று காரணமாக அந்த சீசன் முழுவதுமாக ரத்து, வழங்கிய சர்டிபிகேட்டுகள் எந்த ஒதுக்கீட்டுக்கும் செல்லாது, வீராங்கனைகள் ஒத்துழைக்கவும். கேட்டதும் அனிச்சையாக உனக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டேன். நீ அதே குரலில் பேசி அனுப்புவாய் என்று கை அதுவாகப் போய்விட்டது. அந்த மெசேஜுக்கு இன்னும் ஒற்றை டிக்தான்.

நான் இப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கு ஆபீஸில் இருக்கிறேன். எந்த லாரி எப்போது உள்ளே வரலாம் என்று நேரம் போட்டுக் கொடுக்கிற வேலை. ஆமாம், ஷெட்யூல் போடுகிறேன், சிரி. சம்பளம் வாங்கிய முதல் மாதம் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். வா என்று சொல்லவில்லை. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து, "நல்லா சதை போட்டுக்கீற" என்றார். அதில் அன்பு இல்லை. அந்தப் பேச்சில் இருந்ததெல்லாம், தன் மகள் மண்ணுக்குள் போய் நான் மட்டும் எப்படி இருக்கலாம் என்பதுதான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சர்டிபிகேட் செல்லாது என்பதைச் சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிவதைவிட நான் திட்டு வாங்குவது மேல் என்று நினைத்தேன்.

அவர் திட்டவில்லை. வெடித்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஒரு ஆளு கொறஞ்சா ஆடக் கூடாதுன்னு தானே ஒங்க ரூலு? இந்த வூட்ல கீறதே ரெண்டு பேரு. அதுல ஒண்ணு கொறஞ்சி போச்சு. ஒங்க ரூலுப்படி நான் இன்னாடி பண்ணணும்? நிக்கணுமா, எய்ந்து போய்டணுமா?"

"நில்லுங்கம்மா" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"யாருக்கோசரம்?" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். அப்புறமும் போகிறேன், அவரும் கதவைச் சாத்துவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அது என்னிடமே இருக்கிறது. சாப்பிடும்போது, லாரிக்கு நேரம் போடும்போது, ஞாயிற்றுக்கிழமை பந்து தட்டும்போது கூடவே வருகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ. வேலையும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை, ஆட்டமே நடக்கவில்லை என்று கமிட்டியே சொல்லிவிட்டது. அந்த வெயிலில், அந்தக் காய்ச்சலோடு, ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் நீ யாருக்கோசரம்டி நின்றாய்?