பையனுக்கு மருந்து, பொண்ணுக்கு வெந்நீர்

ஜூன் 9, ஞாயிறு

இரண்டு மூக்கும் ஒழுகுகின்றன. இரட்டைப் பிள்ளைகள் ஆயிற்றே, சளியைக்கூடப் பங்கு போட்டுத்தான் வாங்கிக்கொள்வார்கள். பரவாயில்லை, வீட்டுச் சட்டப்படிதான் நடக்கிறது: எது வாங்கினாலும் இரண்டு, எதைப் பிட்டாலும் சரிபாதி. சட்டம் போட்டவள் நான். முட்டையில் மஞ்சளை அண்ணனுக்கும் வெள்ளையை எனக்கும் வைத்த அம்மாவின் மகள். என் வீட்டில் அந்தப் பேச்சே இருக்கக் கூடாது என்று நாலு வருஷமாக நிற்கிறேன்.

அமல்படுத்தும் அதிகாரி என் கணவர். பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார், கால்பந்து நடுவர். நான் போட்ட சட்டங்களில் அவர் ஒழுங்காகக் கடைப்பிடிப்பது இது ஒன்றைத்தான். ஈரத் துண்டைக் கட்டிலில் போடக் கூடாது என்ற சட்டம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

சின்னவனுக்குக் காய்ச்சல், மூச்சு வேறு வேகம். இரண்டையும் தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனோம். அந்தம்மா எடுத்தவுடன் நெஞ்சில் குழாயை வைக்கவில்லை. அவன் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். "ஒரு நிமிஷம் பேசாதீங்க" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் இதைச் சொன்ன முதல் ஆள். என் கணவர் அவரை அவ்வளவு மரியாதையாகப் பார்த்தார்.

நிமோனியாவாம். இப்போதைக்கு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இளஞ்சிவப்பு மருந்து ஒரு பாட்டில், காலையும் ராத்திரியும் கோடு வரை ஒரு மூடி. நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காவிட்டாலோ உடனே ஓடி வர வேண்டும். இல்லாவிட்டாலும் வியாழன் வந்து காட்ட வேண்டும்.

பெரியவளின் சட்டையும் தூக்கப்பட்டது, கடிகாரமும் பார்க்கப்பட்டது. "இவளுக்கு வெறும் சளி. மருந்து வேண்டாம். வெந்நீர் குடுங்க, மூக்கைச் சுத்தமா வைங்க."

"அதே மருந்தையே இவளுக்கும் கொஞ்சம் எழுதிடுங்களேன் டாக்டர்."

"இது அந்தச் சளிக்குக் கேக்காதும்மா. தேவையில்லாம குடுத்துப் பழக்கினா, நிஜமா தேவைப்படுற அன்னிக்கும் கேக்காம போயிடும்."

எழுத ஒரு வரி. அதற்கு இவ்வளவு கஞ்சத்தனம்!

ராத்திரி நாத்தனார் போன், என் கணவரின் அக்கா. "ஏம்மா, பையனுக்கு மருந்து, பொண்ணுக்கு வெந்நீரா? ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?" இத்தனை நாளில் அண்ணி சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது இதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு கணவரிடம் அரைமணி நேரம் பொரிந்து தள்ளினேன். என் பொண்ணு என்ன, யாருக்கும் இளைச்சவளா? அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜூன் 12, புதன்

இன்று என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒருவர், மச்சானின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். "இது எனக்கும் நல்லாத்தாங்க தெரியுது, இதே பவர்ல ஒண்ணு போட்டுக் குடுங்க." பிடித்துக்கொண்டேன். ஐயா, அது உங்க மச்சான் கண்ணுக்குப் பார்த்து எழுதினது, உங்க கண்ணைச் சோதிக்காம லென்ஸ் போட மாட்டேன், தலைவலி வரும். தலைவலி அங்கேயே வந்துவிட்டது போல, எழுந்து போய்விட்டார்.

கடை மூடி நான் வீடு சேர ஒன்பதாகும். மருந்து கொடுப்பது அவர் பொறுப்பு. இளஞ்சிவப்பு மருந்து எனக்கும் வேணும் என்று நேற்று அழுது புரண்ட பெரியவள் இன்று சமர்த்தாக இருந்தாளாம். எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு கலை" என்றார்.

பெரியவளுக்கு வயிற்றுப்போக்கு வேறு. எதைத் தின்றாளோ.

சின்னவனுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. நல்ல மருந்து, நல்ல டாக்டர்.

ஜூன் 13, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தது. அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்தார், முகம் மாறியது. "மருந்து கேக்கலையோ? அப்படின்னா இதைவிடப் பெரிய மருந்துக்குப் போகணும். ஒழுங்கா குடுத்தீங்கதானே?"

"எங்க வீட்டுக்காரர் நடுவர் டாக்டர். கோடு பிசகாது" என்றேன். பெருமை வேறு எனக்கு.

பக்கத்தில் நடுவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு சரிதான் டாக்டர். ஆனா... பாதி பாதி."

"எது பாதி?"

"ஒரு மூடி ஊத்தி, ரெண்டு பேருக்கும். சமமா."

அய்யோ, அறிவிருக்கா உங்களுக்கு, அவனுக்கு மூச்சு இழுக்குது, நீங்க சமம் பாத்தீங்களா — அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். "நீதானே சொன்ன, எதைப் பிட்டாலும் சரிபாதின்னு. அன்னிக்கு ராத்திரியும் அதைத்தானே சொன்ன."

நான் சின்னவனின் சட்டையை இழுத்துவிட்டேன்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். "இல்லேன்னா மருந்து தோத்துப்போச்சுன்னு நினைச்சிருப்பேன். அதுக்கு முழுசா ஆடவே இடம் குடுக்கலையே நீங்க." இங்கேயே வைத்து, அதே மருந்தை முழு அளவு கொடுத்துப் பார்ப்பார்களாம். கேட்காவிட்டால் ஊசி. பெரியவளுக்கு இனி ஒரு சொட்டுகூடக் கூடாது.

ஜூன் 14, வெள்ளி

வார்டு. அவன் விரலில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப் மாட்டியிருக்கிறார்கள். பெரியவள் வீட்டிலிருந்து போனில் அழுகிறாள், அவளுக்கும் அது ஒன்று வேண்டுமாம். என் வளர்ப்பு.

நர்ஸ் மருந்தை முழு மூடி ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சளும் வெள்ளையும் பார்த்துப் பார்த்து என் பிள்ளையின் மூச்சில் கை வைத்துவிட்டேனே. பயமா இருக்கு. எழுதினா குறையும்னு எழுதுறேன். குறையல.

ஜூன் 15, சனி

காய்ச்சல் இறங்கிவிட்டது. விலாவில் பள்ளம் இல்லை. பசிக்கிறது என்றான், பிஸ்கட் கொடுத்தேன். உடைத்துப் பாதியைத் தலையணைக்கு அடியில் வைத்தான், அக்காவுக்காம்.

அழுதேன். வேறென்ன செய்ய?

ஜூன் 21, வெள்ளி

டாக்டர் சொன்ன நாள் வரை முழுசாகக் கொடுத்தாயிற்று. பெரியவளின் சளி எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது, கவனிக்க ஆள் இல்லாததால் சொல்லாமல் போய்விட்டது.

நாத்தனார் போன். "நல்லாயிட்டானே, மிச்ச மருந்து இருந்தா எடுத்து வையேன். எங்க வீட்டுல சின்னதுக்கு இருமல்." டாக்டரிடம் காட்டச் சொன்னேன். மச்சான் கண்ணாடிக் கதையையும் சொன்னேன். அண்ணிக்குக் கோபம். பாட்டிலில் கிடந்த கொஞ்சத்தை, யார் கையிலும் சிக்காதபடி மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 27, சனி

மறுபடியும் இரண்டு மூக்கு. சின்னவனுக்கு லேசாக இருமலும். சட்டையைத் தூக்கினேன், அவர் கடிகாரத்தைப் பிடித்தார், ஒரு நிமிஷம் இருவருமே பேசவில்லை. நல்ல மூச்சு. பெரியவளுக்கும் பார்த்தோம். பிறகு கொண்டுபோய் டாக்டரிடமும் காட்டினோம். வெறும் சளி, இரண்டு பேருக்கும்.

அண்ணி கேட்டார், "என்னம்மா இது, ஆம்பளப் புள்ளைக்கு வெறும் வெந்நீரா?"

"ஆமா அண்ணி. வெறும் வெந்நீர்தான்."

சமையலறையில் நடுவர் இரண்டு டம்ளரில் வெந்நீர் ஊற்றி, குனிந்து கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதில் கொஞ்சம் சேர்த்தார். பிள்ளைகள் சண்டையில்லாமல் குடித்தார்கள்.