அறுபத்தோராம் பக்கத்துக் கோடு

திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நலம். நீ நலமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்பதுபோல் இதில் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. நீ என் நம்பரை பிளாக் செய்து ஆறு மாதமாகிறது. தப்பு என்மேல்தான். மழை வந்ததென்று உன் சூப்பர்வைசருக்கே போன் போட்டு, “தம்பி குடை எடுத்துட்டு வந்தானா சார்?” என்று விசாரித்தவளை நீயும் வேறு என்னதான் செய்வாய்? இன்று காலை நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி நம்பருக்கு நான்கு முறை அடித்தேன். உன் பக்கத்து நாற்காலிப் பெண் என் குரலைக் கேட்டதுமே, “அவரு சீட்ல இல்லைங்க” என்கிறாள். பின்னால் உன் தும்மல் கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அச்சகத்தில் ஒரு பெரிய புத்தகம் தயாராகிறது. இரும்பிலும் எஃகிலும் சிற்பம் செய்கிற ஒரு அம்மாவின் ஐம்பது வருட வேலை முழுவதும் அதில் வருகிறது. மொத்தம் முந்நூறு பிரதிகள்தான். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, அந்த அம்மாவின் கையெழுத்து உண்டு, துணி ஒட்டிய பெட்டி உண்டு. அச்சடித்து முடிந்ததும் தகடுகளை அழித்துவிடுவார்களாம். வாங்குகிறவர்கள் கையுறை மாட்டிக்கொண்டுதான் புரட்டுவார்கள் என்று முதலாளி சொல்கிறார். என் வேலை உனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு தூசி, கீறல், வேண்டாத நிழல் எல்லாவற்றையும் துடைப்பது.

அறுபத்தோராம் பக்கம் உங்கள் ஆஸ்பத்திரியின் முன்கூடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், “அக்கா, என் தலைக்கு மேல ஒரு சர்க்கஸே தொங்குது” என்றாயே, அந்தப் பதினோரு எஃகு வளையங்கள்தான். மாடியிலிருந்து எடுத்த படம். கூடவே ஒரு குறிப்பு: ‘கீழே உள்ள ஆளை நீக்கவும்.’ விசாரணை மேசையில் ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சட்டையைத் துடைத்தேன், தோளைத் துடைத்தேன். தலைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. இரட்டைச் சுழி. எத்தனை வருடம் நான் சீவிவிட்ட தலை! மேசையில் நீல மூடி போட்ட உன் தண்ணீர் பாட்டில்கூட இருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே. உன்னைத் துடைத்தேன். நாற்காலி காலியானது.

அடுத்த குறிப்பு: ‘மேல் வளையத்தில் கீறல், நீக்கவும்.’ மற்ற பத்தையும் தாங்குகிற அந்த வளையம் கம்பியோடு சேருகிற வெல்டிங்கில் ஒரு கறுப்புக் கோடு. துடைக்கப் போகும்போதுதான் இதை முன்பே ஒரு தடவை துடைத்திருக்கிறோமே என்று தோன்றியது. போன வருடம் இந்த அம்மாவின் கண்காட்சிக்கு ஒரு சின்னப் புத்தகம் போட்டோம். அதற்கு இதே சிற்பத்தின் ஐந்து வருடப் பழைய படம் வந்தது. துடைப்பதற்கு முன்னால் இருந்த மூலப்படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில் கோடு. அன்று அரிசி நீளம். இன்று வெல்டிங்கைப் பாதி சுற்றிவிட்டது.

தூசி ஒரே இடத்தில் இரண்டு தடவை உட்காராது, தம்பி. உட்கார்ந்தாலும் வளராது. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்று என்னைக் கேலி செய்வீர்கள். பயப்பட வேண்டியது கண்ணெதிரே வந்தபோது, கீறல் என்று நினைத்து நானே துடைத்துப் போட்டிருக்கிறேன்.

இரண்டு படங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்து. முடியாவிட்டால் லீவு போடு. என்னைத் திட்டிக்கொண்டே போடு, பரவாயில்லை.

உன் அக்கா


வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

திங்கட்கிழமை போட்ட கூரியர் செவ்வாய்க்கிழமையே உன் கைக்கு வந்துவிட்டது என்று தெரிகிறது. ரசீதில் உள்ள கையெழுத்து உன்னுடையதுதான். பதில்தான் இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மேனேஜரிடம் காட்டினேன். “கோடுன்னா துடைங்க, அதுக்குத்தானே உங்களுக்கு ஸீட்டு போட்டிருக்கு” என்றார். உன் மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். ஆனால் படங்களைப் பார்த்தபிறகு சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. போட்டோக்காரருக்குப் போன் செய்து, கேமராவில் கீறல் உண்டா என்று கேட்டேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. “என் லென்ஸ்ல கீறலா? புது லென்ஸ், அன்னைக்குத்தான் பெட்டியப் பிரிச்சேன்மா!” என்றார். அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது. அப்படியானால் கோடு வளையத்தில்தான் இருக்கிறது.

நேற்று அந்தச் சிற்பி அம்மா கையெழுத்துப் போட வந்தார். எழுபத்து நாலு வயது. விரலெல்லாம் பழைய தீக்காயம். முந்நூறு தாள்களை அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே போய் இரண்டு படங்களையும் முன்னால் வைத்தேன். என் தம்பி இதுக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று மட்டும் சொன்னேன்.

பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். “இது நான் வச்ச வெல்டிங்மா. வேற யாரையும் தொடவிடல” என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அங்கே ஒரு அதிகாரி, வருடா வருடம் பார்க்கிறோம், எல்லாம் சரியாக இருக்கிறது, இருபதாம் தேதி புதுக் கட்டடத் திறப்பு விழா, அதுவரை கூடத்தை மூட முடியாது என்றாராம். போனை வைத்துவிட்டு அடுத்த தாளில் கையெழுத்துப் போட்டார். கோணிக்கொண்டு போனது. பேனாவை மூடிவிட்டார்.

பயப்படுகிறவளுக்கு ஒரு துணை கிடைத்தால் பயம் பாதியாகும் என்று நினைத்திருந்தேன். இரட்டிப்பாகிவிட்டது.

நாளைக்கு அவரே நேரில் வருகிறார். குட்டையான உருவம், ஆண்கள் போடுகிற செருப்பு போட்டிருப்பார். உன்னிடம்தான் வழி கேட்பார். மேலே அழைத்துப் போ. தம்பி, எனக்குச் சோறு இறங்கவில்லை. கதவு படாரென்று சாத்தினால்கூட எழுந்து நிற்கிறேன். உன்னைத் துடைத்த இடத்தில் அந்தக் காலி நாற்காலிதான் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

உன் அக்கா


புதன்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை அந்த அம்மா அச்சகத்துக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். நீ எனக்குச் சொல்லாததையெல்லாம்.

சனிக்கிழமை அவர் உள்ளே நுழைந்தபோது கூடத்தின் நடுவே ஒரு நாற்காலிகூட இல்லையாம். நோயாளிகள் உட்காரும் மூன்று வரிசையையும் யாரோ சுவரோரம் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் கட்டுத்துணியைக் கயிறாக முறுக்கிக் கட்டியிருக்கிறது. அட்டையில் பேனாவால், ‘இங்கே நிற்காதீர்கள், மேலே பாருங்கள்.’ யார் செய்தது என்று கேட்டாராம். “விசாரணை மேசைக்காரர்தாங்க, புதன்கிழமையே பண்ணிட்டாரு. மெமோகூட குடுத்துட்டாங்க” என்று கூட்டுகிற அம்மா சொன்னாராம்.

புதன்கிழமை! அப்படியானால் கடிதம் கிடைத்த மறுநாளே. நம்பியிருக்கிறாய். நான் இங்கே மூன்று நாள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

அதுவாவது போகட்டும். எல்லோரையும் நகர்த்திவிட்டு நீ மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தாயாம். போன் ஒயரெல்லாம் தரையோடு பதித்திருக்கிறது, மேசை நகராது என்றாயாம். நீயும் எழுந்து போய்விட்டால் புதிதாக வருகிறவர்கள் துணியைத் தாண்டி வந்துவிடுவார்கள், தடுக்க ஆள் வேண்டும் என்றாயாம். இதைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபமா, அழுகையா, இன்னும் தெரியவில்லை.

அதிகாரி அப்போதும் இருபதாம் தேதி என்றே சொல்ல, அந்த அம்மா ஒரு நாற்காலியை இழுத்து உன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். “நான் பண்ணினது. விழுந்தா முதல்ல என்மேல விழட்டும். பேப்பர்காரங்க நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன்” என்றாராம். ஒரு மணி நேரத்தில் கூடத்தை மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பியில் சங்கிலி போட்டு இறக்கினார்களாம். தரையிலிருந்து மார்பளவு உயரத்தில் இருக்கும்போது வெல்டிங் தானாக விட்டுப் பதினோரு வளையங்களும் மொத்தமாக விழுந்தன. தரை ஓடு நொறுங்கிப்போனது. உள்ளே முழுக்கத் துரு அரித்து, வெங்காயத் தோல் அளவுதான் இரும்பு மிச்சமிருந்ததாம். சொல்லும்போது அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புத்தகத்துக்கு வருகிறேன். அறுபத்தோராம் பக்கம் அச்சாகி உலர்ந்துவிட்டது. துடைத்த படம்தான். அதை எடுத்துவிட்டு, துடைக்காத படத்தைப் போடச் சொல்லிவிட்டார் அந்த அம்மா. வாங்குகிறவர்கள் அச்சுப்பிழை என்று திருப்பி அனுப்புவார்கள் என்று முதலாளி மன்றாடினார். “கேட்டா என்கிட்ட பேசச் சொல்லுங்க. என் தப்பு என் புத்தகத்துல இருக்கணும். அந்த ஆளும் இருக்கட்டும்” என்றார். மூலப்படத்தை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். திறந்தேன். கோடு வந்தது. நீயும் வந்தாய், குனிந்து எழுதிக்கொண்டு. மேனேஜர் வந்து தோளைத் தட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்நூறு பேர் வீட்டில் கையுறை போட்டுக்கொண்டு உன்னைப் பார்க்கப் போகிறார்கள். யாருக்கும் நீ யாரென்று தெரியாது.

மெமோவுக்கு அடக்கமாகப் பதில் எழுது, வாய் கொடுக்காதே. அந்த அம்மாவும் ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன்னை நான் பெறவில்லை. வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்குத் தகுதியில்லை, நாலு வயதுதான் மூத்தவள். இருந்தாலும் நீ நூறு வயது, தலை நரைத்து, சுழி தெரியாமல் வழுக்கை விழுந்து, நன்றாக இருக்க வேண்டும். தரையைப் பெயர்த்துச் சரிசெய்யும்வரை உன்னை வேறு அறையில் உட்காரவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நீண்ட பதில் வேண்டாம், ஒரு வரி போதும். அங்கே உன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது? மின்விசிறி என்றால், அதை மாட்டியது யாரென்று கேட்டு எழுது.

உன் அக்கா