என் பிள்ளைக்குப் பெயர் வைத்த ஸௌரிராஜன் மீது

அனுப்புநர்
க. முனிகிருஷ்ணன்,
விசைத்தறி உரிமையாளர்,
நகரி.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருப்பதி மாவட்டம்,
திருப்பதி.

பொருள்: தகப்பனாகிய எனக்குரிய இடத்தைக் கல்லூரி விரிவுரையாளர் திரு. ஸௌரிராஜன் எடுத்துக்கொண்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நகரியில் விசைத்தறி வைத்துப் பிழைப்பவன். தெலுங்கில் பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். வயிற்றெரிச்சலை எழுத மட்டும் தமிழ்தான் கைக்கு வருகிறது. தங்களுக்கு இதைப் படித்துக் காட்டுபவர், கோபமான இடங்களைக் குறைத்துச் சொல்லாமல் இருக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. எனக்கு ஒரே பிள்ளை. வயது பத்தொன்பது. திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் விடுதியில் தங்கித் தாவரவியல் படிக்கிறது. பெண்ணாகப் பிறந்தது, ஹரிதா என்று பெயர் வைத்து வளர்த்தோம். சென்ற ஆண்டு முதல் தான் ஆண் என்று சொல்லி, முடியை வெட்டிக்கொண்டு, தமிழ்வேந்தன் என்ற பெயரில் வாழ்கிறது. பிள்ளை ஆணா பெண்ணா என்று வழக்காட நான் இந்த மனுவை எழுதவில்லை. அதைப் பேசுவதற்கு டீக்கடை முதல் டிவி வரை ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது உண்மை. ஆனால் தலைசுற்றல் நின்றபிறகும் நெஞ்செரிச்சல் நிற்கவில்லை. காரணம், பிள்ளை அதை முதலில் சொன்னது அதே கல்லூரி விரிவுரையாளர் ஸௌரிராஜனிடம். அடுத்துத் தன் தாய் வரலட்சுமியிடம். எனக்கு என் மைத்துனன் கோவர்த்தனன் சொல்லித் தெரிந்தது. பெற்றவனுக்கு மூன்றாவது பந்தியில் இலை போட்டிருக்கிறார்கள்.

2. நாராயணவனம் கோயிலில் பிள்ளையை மடியில் வைத்துக் காதில் மூன்று முறை பெயர் சொன்னவன் நான். அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் வந்து வேறு கேட்டிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். கத்திவிட்டு ஒரு பெயர் யோசித்திருப்பேன். இப்போதைய பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஸௌரிராஜன். அவர்கள் தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். அவருடைய சொந்த மகன் பெயர் கௌஸ்துப். தன் வீட்டுப் பிள்ளைக்குப் பெருமாள் சம்பந்தமான பெயர், என் பிள்ளைக்கு மட்டும் மேடைப் பேச்சாளர் பெயரா என்பதைத் தாங்களே விசாரிக்க வேண்டும்.

3. ஆறாம் வகுப்பிலிருந்தே என் சட்டையைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு தறிக்கூடத்தில் திரிந்த பிள்ளை அது. உறவுக்காரர்கள் முகம் சுளித்தபோது நான் ஒரு நாளும் கழற்றச் சொன்னதில்லை. இந்த யுகாதிக்கு ஸௌரிராஜன் அதற்கு நீலக் கட்டம் போட்ட சட்டை வாங்கித் தந்திருக்கிறார். நெசவுக்காரன் பிள்ளைக்கு வெளியார் துணி எடுத்துத் தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. அந்தச் சட்டை பிள்ளைக்கு நன்றாகவே பொருந்துகிறது என்பதையும் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். என் மனைவியின் போனில் பார்த்தேன்.

4. சென்ற மாதம் திருப்பதியில் ஒரு மண்டபத்தில் ‘பாலின அடையாளமும் இளைய தலைமுறையும்’ என்று விவாதக் கூட்டம் நடந்தது. கோவர்த்தனன் என்னை அழைத்துப்போனான். ஒரு தரப்பார், செல்போனும் வாத்தியார்களும் சேர்ந்து பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்றார்கள். வாத்தியார் என்றதும் நான் கை தட்டினேன். அடுத்த வாக்கியத்தில் இது ஒரு நோய் என்றார்கள். தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மறு தரப்பார், வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் இவர்கள் என்று கண் கலங்கினார்கள். ஐயா, என் வீட்டில் அதன் கட்டில் அங்கேயே இருக்கிறது. வாரம் தவறாமல் போர்வை துவைத்துப் போடுகிறோம். பார்க்காதவர்களுக்கு எப்படித் தெரியும், இடமில்லை என்று? என் பிள்ளையை நோய் என்று சொல்லவும் அநாதை என்று சொல்லவும் மேடை கிடைக்கிறது. என் பிள்ளை என்று சொல்ல எனக்கு ஒரு நாற்காலிகூட முன்வரிசையில் இல்லை.

அதன் பிறகு என் பிள்ளை மேடை ஏறியது. நான் வந்திருப்பது அதற்குத் தெரியாது. “எனக்குப் பேரு குடுத்தது எங்க சாரு. எனக்கு அவரு நைனா மாதிரி” என்றது. மண்டபமே கை தட்டியது. ஐயா, எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சொல் என் சொத்து. அதை என் கண் முன்னாலேயே இன்னொருவருக்குக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, பின்வாசல் வழியாக வெளியே வந்து பஸ் ஏறினேன்.

வீட்டில் வந்து கத்தினேன். என் மனைவி, “உன்னாண்ட எப்போ அது பேசும்? நூலு அறுந்துச்சு, கரண்டு போச்சுன்னு நீயே பேசிக்கினு இருப்ப” என்றாள். இது புகாருக்குத் தேவையில்லைதான். உண்மையை மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

5. மறு வாரம் ஸௌரிராஜனின் வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன். அவர் மனைவி நாமகிரி அம்மாள் என்னை உட்காரவைத்துப் புளியோதரை பரிமாறினார். வாயில் சோறு இருக்கும்போது எப்படிச் சண்டை போடுவது? அந்த அம்மாள், “அவனுக்குக் கத்திரிக்காய் ஆகாது, தெரியுமோ? உடம்பெல்லாம் தடிச்சுப் போறது” என்று எனக்கே சொன்னார்! மூன்று வயதில் உடம்பு தடித்த பிள்ளையைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவனிடம் சொன்னார். ஸௌரிராஜனோ, “எப்பப் பார்த்தாலும் உங்களைப் பத்தித்தான் பேசறான். நைனாட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தவிச்சுண்டிருக்கான்” என்றார். அவர் நல்லவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. என்னைப் பற்றிய பேச்சையும் அவரிடம்தான் பேசுகிறதா என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

6. வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் தங்கள் கையால் என் பிள்ளைக்குப் புதிய பெயரில் அடையாளச் சான்று வழங்கப்படும் என்றும், உடன் ஸௌரிராஜன் வருகிறார் என்றும் அறிகிறேன். சான்றை நிறுத்தும்படி மனு கொடுக்கச் சொல்லி, விவாதக் கூட்டத்தில் நோய் என்று சொன்னவர்கள் தட்டச்சு செய்த தாளோடு என் வீட்டுக்கு வந்தார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

எனவே ஐயா அவர்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சான்றைத் தாமதமில்லாமல் கொடுங்கள். ஆனால் அவன் அதை வாங்கும்போது பக்கத்தில் நிற்கும் இடத்தை எனக்கு ஒதுக்கி உத்தரவிடுங்கள். ஸௌரிராஜன் இரண்டடி தள்ளி நிற்கட்டும். அவரை அறவே வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் வருவது பிள்ளைக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் தாங்கள்தான் உதவ வேண்டும். பெயர் கூப்பிடும்போது தமிழ்வேந்தன் என்றே கூப்பிடுங்கள். எனக்குப் பிடிக்காத பெயர்தான். கூப்பிட்டுவிட்டு, இவனுடைய தகப்பன் யார் என்று சபையில் ஒரு முறை சத்தமாகக் கேளுங்கள். நான் கை தூக்குகிறேன்.

இடம்: நகரி
நாள்: 07.08.2025

இப்படிக்கு,
க. முனிகிருஷ்ணன்
(மு. தமிழ்வேந்தனின் நைனா)