முதலில் எழுதிய பெயர்

1944 அக்டோபர் 9, திங்கள்

விடாத மழை. துணி ஒன்றும் காயவில்லை. மூன்றாம் வகுப்பு நோட்டுகள் திருத்த வேண்டும். மதியம் மண்ணெண்ணெய் வரிசை.

மடத்திலிருந்து சின்னவன் சவரியின் கடிதம். 22ஆம் தேதி துறவற உடுப்புச் சடங்கு. அன்றே புதுப் பெயரும். மூன்று பெயர் எழுதிக் கொடுத்தானாம், பெரிய சாமியார் ஒன்றைத் தேர்ந்தெடுப்பாராம். என்ன எழுதினான் என்று சொல்லவில்லை, கள்ளன்.

பக்கத்து வீட்டு ஞானம்மா: “இன்னாக்கா, புதுப் பேரு வெச்சா சவரிமுத்துன்ற பேரு இன்னா ஆவும்?” அவளுக்கு வேறு வேலை இல்லை.

மூத்தவன் அருளப்பன் பர்மா சண்டையில் போய் இரண்டு வருஷம். தந்தி வந்தது, உடல் வரவில்லை. கல்லறைகூட இல்லை. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒருவன் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சவரிக்குத் தெரியாமல் பெரிய சாமியாருக்கு எழுதிவிட்டேன், அண்ணன் பெயரையே வையுங்கள் என்று. தபாலில் போட்டாயிற்று.

22, ஞாயிறு

நானும் வீட்டுக்காரரும். அடையாறு வரை பஸ், அப்புறம் ஜட்கா வண்டி. முழங்கால்வரை சேறு.

பிரசங்கம்: “எத்தனையோ அர்ச்சியசிஷ்டவர்கள், புனிதர்கள், மடத்தில் பெற்ற பெயரால்தான் விளங்குகிறார்கள். பெற்றோர் வைத்த பெயர் இன்று யாருக்குத் தெரியும்?” பெற்றவளுக்குத் தெரியும், சாமி.

“பிரதர் அருளப்பன்!” கூப்பிட்டார்கள். சவரி எழுந்தான். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான், அப்போது.

பிறகு பெரிய சாமியார் சொன்னார்: “அவர் முதலில் எழுதியது சொந்தப் பெயர்தானம்மா. அம்மா கூப்பிட்டுப் பழகிய பெயர், மாறினால் தவித்துப்போவார்கள் என்றார். அதையே கொடுப்பதாக இருந்தோம். உங்கள் கடிதம் வந்தது.”

சவரி சிரித்தான். “பரவால்லம்மா. அண்ணன் பேருதானே.”

வீட்டு உடுப்பை மூட்டையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பும்போது ஜட்காவில் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார்: “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

26, வியாழன்

மூட்டையைப் பிரித்தேன். சட்டைக் கழுத்தில் சிவப்பு நூலில் நான் தைத்த ‘ச’. துவைக்க மனம் வரவில்லை. பள்ளியில் வருகை எடுக்கும்போது இரண்டு பெண்களை விட்டுவிட்டேன்.

அவனைப் பார்க்கப் போனால் இனி எப்படிக் கூப்பிடுவது? அருளப்பா என்றால் என் நாக்கில் செத்தவன் வருகிறான். சவரி என்றால் மடத்து விதி தடுக்கும். என் கையாலேயே செய்துகொண்டேன்.

நவம்பர் 1, புதன்

தூறல். அரிசி தீர்ந்துவிட்டது. நாளை இறந்தோர் திருநாள், பூசையில் வாசிக்கப் பெயர் கொடுக்க வேண்டும்.

சீட்டில் அருளப்பன் என்று எழுதினேன். மை காயுமுன் அடித்தேன். அந்தப் பெயரில் ஒருவன் அடையாற்றுக்கு அப்பால் உயிரோடு இருக்கிறான், அவனுக்கா இந்தப் பூசை? பிறகு மறுபடி எழுதினேன். செத்தவனும் என் பிள்ளைதானே.

பூசை மணி அடிக்கும் கோயில்பிள்ளை சீட்டை வாங்கிக்கொண்டார். “போன வருசம் மாரி ஒரு பேருதானே, டீச்சரம்மா?”

“இல்லை, இரண்டு” என்று சீட்டைத் திரும்ப வாங்கி, கீழே சவரிமுத்து என்று எழுதினேன்.